போட்டோட இக்னிஷன் சுவிட்சை ரிப்பேருக்கு விடப்போறீங்களா, இதைப் படிச்சிட்டு விடுங்க

அவுட்போர்டு இன்ஜின் (போட்டுக்குப் பின்னாடி வெளிப்பக்கம் மாட்டற இன்ஜின்) போட் வச்சிருக்கவங்களுக்குத்தான் இந்தப் பதிவு. டேஷ்போர்டுல சாவி சுவிட்ச் ஆடுதுன்னு மெக்கானிக்கிட்ட கொடுத்தேன், நல்லா ஏமாத்திட்டார், அதுகூட பரவாயில்ல, ஆபத்தான வேலை பார்த்து அனுப்பிட்டார்.

பிரச்சனை என்னமோ ரொம்ப சின்னது. சாவியைத் திருப்பினா சுவிட்சும் சேர்ந்து சுத்துச்சு. சுவிட்ச் கழுத்துல பேனலுக்கு முன்பக்கம் ஒரு நட் இருக்கும், சுவிட்சைப் புடிச்சு வச்சிருக்கறது அதுதான், அலையில அடிபட்டு அடிபட்டு அது தளர்ந்துடும். பேட்டரி வயரைக் கழட்டிட்டு பின்னாடி ஒரு கையால சுவிட்சைப் புடிச்சுக்கிட்டு நட்டை முறுக்கினா முடிஞ்சுது (பேட்டரியைக் கழட்டாம கை வைக்காதீங்க, சாவி ஆஃப்ல இருந்தாலும் பின்னாடி ஒரு முனையில எப்பவும் கரண்ட் இருக்கும்). சுத்தினதுல வயர் ஏதும் முறுக்கி விட்டுப்போயிருக்கான்னு பார்த்துத் தரச்சொல்லித்தான் அவர்கிட்ட விட்டேன்.

அவர் சுவிட்சும் போச்சு, வயரிங் ஹார்னஸும் (எல்லா வயரும் சேர்ந்த கட்டு) போச்சு, ரெண்டையும் மாத்திட்டேன்னு பெரிய பில்லா போட்டார். பழைய பார்ட்ஸ் எங்கன்னு கேட்டா தூக்கிப் போட்டாச்சாம்.

தண்ணியில இறக்கினப்போ ஸ்டார்ட் எல்லாம் நல்லாத்தான் ஆச்சு. திரும்பி வந்து கரைகிட்ட சாவியை ஆஃப் பண்றேன், இன்ஜின் நிக்கல. சாவியை உருவி கையில வச்சிருக்கேன், அது பாட்டுக்கு ஓடுது. அவசரத்துக்கு நிறுத்தறதுக்கு இருக்கற கில் சுவிட்ச் கயிறை இழுத்ததும்தான் நின்னுச்சு.

பேனலைக் கழட்டிப் பார்த்தா வயிறு எரியுது. கார்ல வர்ற மாதிரி சுவிட்சு ஒண்ணு மாட்டியிருக்கார், ஓட்டைக்கு அது சின்னதா இருக்கவும் சுத்தி சிலிக்கான் பேஸ்ட்டை அப்பி வச்சிருக்கார், நட்டையே காணோம். ஹார்னஸ் அதே பழசு, செம்பு பச்சை பூத்து வெளிறிப்போய்க் கிடக்கு. கறுப்புல மஞ்சள் கோடு போட்ட வயரை மட்டும் வெட்டி, நுனியில இன்சுலேஷன் டேப் சுத்தி அப்படியே தொங்கவிட்டிருக்கார்.

அந்த வயர்தான் ஸ்டாப் வயர். பெட்ரோல் கார்ல சாவி ஆஃப்னா ஸ்பார்க்குக்குப் போற கரண்ட் கட் ஆகி இன்ஜின் நின்னுடும். பெரும்பாலான பழைய அவுட்போர்டுல அப்படி இல்ல, ஃப்ளைவீல் சுத்தறதுலயே ஸ்பார்க்குக்கான கரண்ட் வந்துடும், பேட்டரியே இல்லன்னாலும் ஓடும். அதை நிறுத்தணும்னா சுவிட்ச் அந்த ஸ்டாப் வயரைக் கொண்டுபோய் எர்த்துல சேர்க்கணும், அதுக்குன்னே சுவிட்ச் பின்னாடி எம்னு தனி முனை இருக்கும். கார் சுவிட்ச்ல அது கிடையாது. இன்னொரு ஆபத்து, அந்த டேப் ஈரத்துல உரிஞ்சு வயர் நுனி எங்கயாவது எர்த்துல பட்டா ஓடிட்டு இருக்கற இன்ஜின் நடுத்தண்ணியில அணைஞ்சுடும்.

போன் பண்ணிக் கேட்டதுக்கு என்ன சொன்னார் தெரியுமா, "கயிறு இருக்குல்ல சார், அதை இழுத்து நிறுத்திக்கோங்க, நிறைய பேர் அப்படித்தான் ஓட்டறாங்க". ஓட்டறவர் தண்ணியில விழுந்தா இன்ஜின் நிக்கறதுக்கு வச்ச கயிறுங்க அது! உயிர் சம்பந்தப்பட்டதை இவ்ளோ சாதாரணமா பேசறவர்கிட்ட எப்படி போட்டை விடறது?

அதனால பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி பேனலுக்குப் பின்னாடி டார்ச் அடிச்சுப் பாருங்க, மாத்தினேன்னு சொல்ற பழைய பார்ட்டை கையில வாங்குங்க. கரையிலயே ஹோஸ் மாட்டி தண்ணி விட்டு ஸ்டார்ட் பண்ணி, சாவியில ஒரு தடவை கில் கயிறுல ஒரு தடவைன்னு ரெண்டுலயும் தனித்தனியா நிறுத்திப் பாருங்க. வயர் கலர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், யமஹாவுல ஸ்டாப் வயர் வெள்ளை, அதனால கலரை மட்டும் நம்பாம உங்க இன்ஜினோட வயரிங் படத்தை வச்சு சரிபாருங்க. ஜாயின்ட் எதுவும் முறுக்கி டேப் சுத்தினதா இருக்கக்கூடாது, கிரிம்ப் பண்ணி (உலோகக் குழாய்ல வயரை விட்டு அழுத்திப் புடிக்க வச்சு) ஹீட் ஷ்ரிங்க் (சூடு பண்ணினா சுருங்கி இறுக்கிக்கற உறை) போட்டிருக்கணும்.

வேற ஆள் வச்சு சரியான மரைன் சுவிட்ச் மாட்டியாச்சு, இப்போ சாவியைத் திருப்பினா இன்ஜின் உடனே நிக்குது. பழைய ஹார்னஸ், வெட்டின வயர் எல்லாத்தையும் போட்டோ எடுத்து பில்லோட சேர்த்து அவருக்கு அனுப்பி பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கேன், பார்த்துட்டார், பதில் இன்னும் வரல.