பைமூ நிரலகம்: சோலார், பேட்டரி, டீசல் மூன்றையும் ஒரே கணக்கில் போட

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் குளிர்பதனக் கிடங்கோ பேக்கரியோ நடத்துகிறவர்கள் சோலார் போடக் கிளம்பினால் மூன்று ஆசைகள் ஒன்றோடொன்று மோதும். முதலீடு குறைய வேண்டும், டீசல் குறைய வேண்டும், லோட் ஷெடிங்கில், அதாவது முறைவைத்து வரும் மின்வெட்டில், குளிர் அறை நிற்கக் கூடாது. வழக்கமான எக்செல் தாள் இவற்றுக்கு ஆளுக்கொரு எடை கொடுத்து ஒரே எண்ணாகக் கூட்டிவிடும். அந்த எடையை யார், எதை வைத்து முடிவு செய்தார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. போதாததற்கு, தீர்வுகளின் எல்லைக்கோடு உள்ளே குழிந்திருக்கும் இடங்களில், எந்த எடை போட்டாலும் சில நல்ல தீர்வுகள் கண்ணிலேயே படாது.

பைமூ இலக்குகளைக் கூட்டுவதில்லை. ஒன்றை விட்டுக்கொடுக்காமல் இன்னொன்றைப் பெற முடியாத தீர்வுகளை, அதாவது பரேட்டோ எல்லையை, அப்படியே கையில் தருகிறது. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜூலியன் பிளாங்க், கல்யாண்மய் தேப் இருவரும் 2020-இல் ஆய்வுக் கட்டுரையோடு அறிமுகப்படுத்திய பைத்தான் நிரலகம் இது. தீர்வுகளின் கூட்டம் ஒன்றைத் தலைமுறை தலைமுறையாக மேம்படுத்தித் தேடும் என்எஸ்ஜிஏ-2 முறையும், 2002-இல் வெளிவந்தது, தேப் குழுவினுடையதே. அப்பாச்சி 2.0 உரிமம் என்பதால் தொழிலுக்கும் இலவசமாகப் பயன்படுத்தலாம்.

400 சதுர மீட்டர் கூரையை எடுத்துக்கொள்வோம். நடைபாதைக்கும் ஓரத்துக்கும் 20% விட்டால் 320 மிஞ்சும். 550 வாட் பேனல் ஒன்று ஏறக்குறைய 2.58 சதுர மீட்டர் பிடிக்கும். ஆக 124 பேனல், 68 கிலோவாட். இதுதான் மேல் வரம்பு. பேட்டரி 5.12 கிலோவாட் மணி அலகுகளாக வரும், 20%-க்குக் கீழே இறங்கக் கூடாது. பைமூவில் எல்லா இலக்கும் குறைக்க வேண்டியவையாகவே எழுதப்பட வேண்டும். கட்டுப்பாடு பூஜ்யம் அல்லது அதற்குக் கீழே வந்தால்தான் நிறைவேறியதாக அர்த்தம். பேட்டரிக்கு "0.2 கழித்தல் ஆண்டின் மிகக் குறைந்த சார்ஜ்" என்று எழுத வேண்டும். இந்தக் குறி மாறினால் நிரல் ஒரு பிழைச் செய்தியும் தராது. காலியான பேட்டரியை நல்லது என்று நம்பி ஓடிக்கொண்டே இருக்கும்.

பலரும் சறுக்குவது கட்டுப்பாடுகளின் அளவில்தான். மீறல்களை எல்லாம் கூட்டி, எது குறைவாக மீறுகிறதோ அதையே பைமூ முன்னே தள்ளும். 10 பேனல் கூடிப்போனால் மீறல் 26 சதுர மீட்டர். பேட்டரி அடியோடு தீர்ந்தாலும் மீறல் 0.2 மட்டுமே. கூரையின் எண் பேட்டரியின் எண்ணை விழுங்கிவிடும். ஒவ்வொரு கட்டுப்பாட்டையும் அதன் வரம்பால் வகுத்துவிட்டால் பாதித் தலைவலி தீரும். எந்தத் தீர்வும் தேறாவிட்டால் முடிவு வெறுமையாகத் திரும்பும். அப்போது, மிகக் குறைவாக மீறும் தீர்வைக் காட்டச் சொல்லும் தெரிவை இயக்கிப் பாருங்கள். எந்தக் கட்டுப்பாடு நெரிக்கிறது என்று உடனே பிடிபடும்.

பேனலும் பேட்டரியும் முழு எண்கள். முழு எண் மாதிரியெடுப்பும், பின்னங்களை முழு எண்ணாக்கும் ரவுண்டிங் ரிப்பேரும் சேர்க்காவிட்டால் 7.3 பேட்டரி என்று வரும். அதை உங்கள் கணக்குக்குள் மட்டும் முழுமையாக்கினால் போதாது. 7.3-உம் 7.4-உம் வேறு வேறு தீர்வுகள் என்று நிரல் நினைத்து, ஒரே தீர்வின் நகல்களால் கூட்டத்தை நிரப்பிவிடும்.

லோட் ஷெடிங் அட்டவணைக்கு வருவோம். ஒவ்வொரு தீர்வுக்கும் புதிதாகச் சீட்டுக் குலுக்கி மின்வெட்டு நேரத்தைப் போட்டால், அதிர்ஷ்டத்தில் வெட்டுக் குறைவாக விழுந்த தீர்வு முதலிடம் பிடித்து, பிறகு அசையவே அசையாது. 2023-இல் நடந்ததைப் போன்ற கடுமையான அட்டவணை ஒன்று, மிதமானது ஒன்று என்று முன்கூட்டியே நிர்ணயித்து, எல்லாத் தீர்வையும் அதே அட்டவணைகளில்தான் சோதிக்க வேண்டும். வெயில் தரவிலும் ஒரு பொறி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் இலவச வெயில் தரவுச் சேவையான பிவிஜிஐஎஸ் தரும் நேரம் உலக நேரம் (யுடிசி). தென்னாப்பிரிக்கா அதைவிட 2 மணி நேரம் முன்னே. திருத்தாவிட்டால் உச்சி வெயில் காலை பத்து மணிக்கே வந்து, மாலை உச்ச நேரத்துக்கு எவ்வளவு பேட்டரி வேண்டும் என்ற கணக்கே தவறிப்போகும். அந்நாட்டு மின் நிறுவனமான எஸ்காமின் குளிர்காலக் கட்டணம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஏறும். அதையும் தனியாக ஏற்றுங்கள். பேனல் வடக்கு நோக்கி இருக்க வேண்டும் என்பதை இந்தியாவிலிருந்து இறக்கிய மாதிரி நிரல்கள் மறந்துவிடும்.

வேகம் நீங்கள் எழுதும் கணக்கைப் பொறுத்தது. 100 தீர்வுகள், 200 தலைமுறை என்றால் 20,000 மதிப்பீடு. ஓராண்டின் 8,760 மணி நேரத்தையும் கணக்கிடும் ஓட்டம் ஒன்றுக்கு அரை வினாடி ஆனாலும் ஏறக்குறைய 2 மணி 47 நிமிடம் பிடிக்கும். தீர்வுகளை ஒவ்வொன்றாக அனுப்பாமல், மொத்தக் கூட்டத்தையும் நம்பை (பைத்தானின் எண் கணக்கு நிரலகம்) அணியாகவே கணக்கிடும் வகையில் எழுதினால் இது பெருமளவு குறையும். மூன்று இலக்கு என்பதால் என்எஸ்ஜிஏ-2-இன் அடுத்த வடிவமான என்எஸ்ஜிஏ-3-ஐயே பரிந்துரைப்பேன். அது எல்லையெங்கும் தீர்வுகளைப் பரப்பச் சில வழிகாட்டித் திசைகளைப் பயன்படுத்தும்: ஒவ்வொரு இலக்கையும் 12 பிரிவாக்கினால் 91 திசைகள் கிடைக்கும், கூட்டத்தை 92 என்று வைக்கலாம். சீட்டுக் குலுக்கலைத் தொடங்கிவைக்கும் விதை எண்ணை மாற்றி மாற்றி நாலைந்து முறை ஓட்டி, எல்லை ஒரே இடத்தில் வந்து நிற்கிறதா என்று பார்க்காமல் யாரிடமும் முடிவைக் காட்டாதீர்கள்.

குறை என்று சொன்னால், ஆவணங்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கின்றன. 0.6 பதிப்பில், முறைகளைப் பெயர் சொல்லி அழைக்க உதவிய பைமூ.ஃபேக்டரி என்ற பகுதி நீக்கப்பட்டது, கட்டுப்பாட்டு எண்ணிக்கையைத் தரும் அளபுருவின் பெயரும் மாறியது. இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்களை அப்படியே ஒட்டினால் முதல் வரியிலேயே விழும். இரு பக்கமும் சரியாகச் சமமாக இருக்க வேண்டும் என்ற சமன்பாட்டுக் கட்டுப்பாடுகளிலும் பைமூ தடுமாறும். முடிந்தவரை ஒரு மாறியை மற்றவற்றின் மூலம் எழுதி அந்தச் சமன்பாட்டையே நீக்கிவிடுங்கள். உங்கள் கணக்கு முழுக்க நேரியல் என்றால் பைமூவே தேவையில்லை. டீசலுக்கும் மின்வெட்டு மணிகளுக்கும் ஒரு வரம்பு வைத்து, அந்த வரம்பைப் படிப்படியாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் முதலீட்டை மட்டும் குறைக்கும்படி ஹைஸ் (HiGHS) போன்ற, நேரியல் கணக்குகளைத் தீர்க்கும் நிரலிடம் கொடுங்கள். வேகமாகவும் வரும், அதுதான் மிகச் சிறந்தது என்ற உறுதியோடும் வரும். அந்த உறுதியைப் பைமூவால் தர முடியாது.