விறகு அடுப்பா, கேஸ் அடுப்பா: பூமியைக் குறைவாகச் சூடாக்குவது எது?

ஆம்பூர் பக்கம் பிரியாணிக்கு இன்னமும் விறகுதான். தம் போடும்போது மூடி மேல் தணலை அள்ளிப் போடுவார்களே, அந்தத் தணலில் இருக்கும் கார்பனைச் சில வருடங்களுக்கு முன்னால் ஒரு வேலிக்காத்தான் மரம் காற்றிலிருந்து இழுத்துக்கொண்டது. எரித்தால் காற்றுக்கே திரும்புகிறது, வெட்டிய அடிக்கட்டை மறுபடி துளிர்த்தால் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். பாலாற்றங்கரையில் அது துளிர்க்காமல் இருந்தால்தான் அதிசயம்.

கேஸ் கதை வேறு. கோடிக்கணக்கான வருடங்களாக மண்ணுக்கடியில் பூட்டிக் கிடந்த கார்பன் அது. வெளியே வந்தால் காற்றுக்கும் மரத்துக்கும் இடையில் நடக்கும் சுழற்சிக்குப் புது வரவு. கடலும் காடும் ஏறக்குறைய பாதியை வாங்கிக்கொள்ள, மிச்சம் காற்றிலேயே நிற்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 280 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்கு) இருந்த கார்பன் டை ஆக்சைடு இப்போது 420-ஐத் தாண்டியதற்கு முக்கியக் காரணம் இந்த மாதிரி புதைபடிவ எரிபொருள்தான், அதிலும் நிலக்கரிதான் முன்னால் நிற்கிறது.

சரி, அப்போ விறகா? அவசரப்பட வேண்டாம். சாதா அடுப்பில் சூட்டில் பெரும்பகுதி வீண், புகையில் வரும் கரித்துகளும் மீத்தேனும் தனியாகப் பூமியின் சூட்டைக் கூட்டும். ஜவ்வாது மலையில் மரத்தை வெட்டிவிட்டு இடத்தை மொட்டையாக விட்டால் கணக்கே தலைகீழ். என் ஓட்டு: வீட்டுக்கு கேஸ், கல்யாணப் பந்திக்கு வேலிக்காத்தான். அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டே ஊதாங்குழல் ஊதியதைப் பார்த்தவன் நான்.