மாமரத்தடியில் மாரிகாலப் பூ: ஹெலிபோரா, டிசம்பர் பூவா, அந்தூரியமா?

லண்டனில் இருக்கும் சொந்தக்காரர் தை, மாசியில் அனுப்பும் தோட்டத்துப் படங்களில் ஹெலிபோர் கட்டாயம் இருக்கும். இலை உதிர்ந்த மரத்தடியில், குளிருக்குள்ளேயே தலையைக் குனிந்துகொண்டு வெள்ளையும் கருஞ்சிவப்புமாகப் பூத்து நிற்கும். அதைப் பார்த்துவிட்டு, எங்கள் வளவில் மாமரத்துக்குக் கீழே ஒன்றுமே பூப்பதில்லை, இதில் ஒரு கன்று எடுப்பித்து வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் திருகோணமலையில் நிறையப் பேர். வேண்டாம், காசைக் கரியாக்காதீர்கள்.

அதன் விதை முளைக்கவே முதலில் வெப்பம், பிறகு பல வாரக் குளிர் என்று இரண்டும் வரிசையாகக் கிடைக்க வேண்டும். இங்கே தை மாத இரவிலும் 23, 24 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. நுவரெலியாவிலேயே சில இரவுகளில்தான் உறைபனி விழுகிறது. வளர்ந்த கன்றாகவே கொண்டுவந்தாலும் கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் ஆனி, ஆடியில் அதன் கதை முடிந்துவிடும்.

குளிரை விடவும் பெரிய விஷயம் நிழல். ஹெலிபோர் வாழும் நிழல் பூக்கும் நேரத்தில் விலகிக்கொள்ளும் நிழல்: பனிக்காலத்தில் அந்த மரங்களில் இலை இருக்காது, வெளிச்சம் தரைவரை வரும். நம் மாமரம் இலையைக் கொட்டுவதில்லை, அதற்கு மேல் கார்த்திகை, மார்கழியில் வானமும் மூடிக்கிடக்கும், ஆக நமக்குப் பூ வேண்டிய மாதம்தான் மரத்தடி ஆகவும் இருண்டிருக்கும் மாதம். நிழல்செடி என்று சொல்லி விற்பதை எல்லாம் இந்த ஒரு கணக்கை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அந்தூரியத்தை எடுங்கள். ஹெலிபோருக்கு அழகில் போட்டி இதுதான், ஒரு ஒற்றுமையும் உண்டு: ஹெலிபோரில் நாம் இதழ் என்று பார்ப்பது புல்லிவட்டம் (மொட்டை மூடியிருக்கும் வெளிவட்டம்), அந்தூரியத்தில் அது நிறம் மாறிய இலை, அதனால்தான் இரண்டும் வாரக்கணக்கில் வாடாமல் நிற்கின்றன. ஆனால் இது கொலம்பியா, எக்குவடோர்ப் பக்கத்து ஈரக்காட்டுச் செடி. நம் மணலில் நேரே நடாதீர்கள். சாடியில் தேங்காய் மட்டைத்துண்டு, கரி, உடைந்த செங்கல் போட்டு, தண்ணீர் ஊற்றினால் உடனே வடிந்து போகும்படி வையுங்கள். மாரி முழுக்கச் சந்தோஷமாக இருக்கும், மழை நேரே அடிக்காத இடமாக இருந்தால் போதும், இலையில் தெறிக்கும் தண்ணீரோடு பக்டீரியா கருகல் ஒரு சாடியிலிருந்து அடுத்த சாடிக்குப் போய்விடும். கோடையில்தான் தலையிடி. கடலோரத்துக் கிணறுகளில் கோடை ஏற ஏறத் தண்ணீர் உவர்க்கும், அதை ஊற்றினால் இலையின் விளிம்பு மண்ணிறமாகச் சுருளும், கச்சான் மிச்சத்தையும் காயவைக்கும். நல்ல தண்ணீரும், காற்றை மறிக்கும் மதிலும், தினம் பார்க்க ஆளும் இருந்தால் வையுங்கள்.

டிசம்பர் பூ அப்படிக் கொஞ்ச வேண்டிய செடி இல்லை. தமிழ்நாட்டில் இந்தப் பெயரில் தலையில் வைக்கும் பூதான், வாசம் கிடையாது, ஊதா, வெள்ளை, இளஞ்சிவப்பு என்று நிறங்கள். நமக்கு மழை பெய்கிற அதே மாதங்கள்தான் அதற்குப் பருவம், ஆக வேலையில் ஹெலிபோருக்கு உண்மையான மாற்று இதுதான். பூ காய்ந்தபின் நிற்கும் செதில்கள் விரலைக் குத்தும், அது ஒன்றுதான் என் முறைப்பாடு. அரைநிழல் தாங்கும், அடர்ந்த நிழலில் வெறும் இலையாக நீளும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் மரத்தின் தெற்கு விளிம்பில் கிளைக்குக் கீழாகச் சரிந்த வெயில் வரும், அங்கே நடுங்கள். சுவருக்கு வடக்குப் பக்கத்து நிழலில் நட்டுவிட்டுப் பூக்கவில்லை என்று செடியைக் குறை சொல்லக் கூடாது.

கனகாம்பரம் நம் மண்ணுக்கே உரியது, அரைநிழலும் பிடிக்கும், ஆண்டின் பெரும்பகுதி பூக்கும். குழப்பம் என்னவென்றால் அது சோர்ந்து போவது அடைமழைக் காலத்தில்தான். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். தைப்பொங்கலுக்குப் பிறகு பூ வேண்டும் என்பவர்களுக்கு இது, மார்கழிக்கு அல்ல. பீஸ் லில்லி மரத்தடியின் கும்மிருட்டு மூலைக்கு, பூ குறைவாகத்தான் வரும், இலைக்காக வைக்கலாம்.

கார்த்திகைப்பூவைச் சொல்லாமல் விட்டால் கோபிப்பீர்கள். மழையோடு முளைத்து, இலை நுனியால் வேலியைப் பற்றி ஏறி, பூத்து, கோடையில் கிழங்குக்குள் ஒடுங்கிவிடும். கச்சானை ஏமாற்ற இதைவிடக் கெட்டிக்காரச் செடி கிடையாது. ஆனால் வேர்தான் நிழலில் இருக்கலாம், தலைக்கு வெயில் வேண்டும். நஞ்சும் கடுமை. ஹெலிபோரும் நஞ்சுதான், என்றாலும் இதன் கிழங்கை வற்றாளை என்று நினைத்து உண்டு இறந்தவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள். சின்னப்பிள்ளைகள் உள்ள வீட்டில் நான் வைக்கமாட்டேன்.

அப்புறம் மான். மேற்கு நாடுகளில் ஹெலிபோரை மான் தொடாத செடி என்று சொல்லியே விற்பார்கள், பிரெட்ரிக் கோட்டையிலிருந்து மான்கள் ரோட்டுக்கு வந்து நிற்கும் நம் ஊருக்கு அந்தக் குணம் ஒன்றாவது தேவைப்படும். அந்தூரியத்தின் சாறு வாயை அரிக்கும், அது அதற்குக் காவல். டிசம்பர் பூவுக்கு அப்படி ஒன்றும் இல்லை, கோட்டைப் பக்கம் குடியிருப்பவர்கள் வேலியை முதலில் அடைத்துவிட்டு நடுங்கள். டிசம்பர் பூவின் தடியை வெட்டி வைத்தாலே வேர் பிடிக்கும், புரட்டாசியில் ஊன்றினால் மழை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மாசியில் பூ ஓய்ந்ததும் ஒரு சாண் விட்டு வெட்டி, மாமரச் சருகையே அடியில் தடிப்பாகப் பரப்பிவிடுங்கள்.