ரேடியேட்டரா, ஃபேனா, தெர்மோஸ்டாட்டா? சூடேறும் ஸ்போர்ட்ஸ் காருக்கு எதை மாற்றுவது

வண்டி சூடேறினால் பெரும்பாலும் முதலில் கை வைப்பது ரேடியேட்டரில்தான். நானும் அப்படித்தான் செய்தேன். என்னிடம் இருப்பது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, 1989-இல் அறிமுகமாகி 1997 வரை வந்த வடிவம். நகரத்துக்குள் ஒரு தொல்லையும் இல்லை. நெடுஞ்சாலையில் வேகம் பிடித்தால் மட்டும் டெம்பரேச்சர் முள் மெல்ல மேலே போகும். பெரிய அலுமினிய ரேடியேட்டர் வாங்கிப் போட்டேன். ஓரளவு தணிந்தது, தீரவில்லை. கடைசியில் பார்த்தால், முன் பம்பருக்கும் இன்ஜினுக்கும் அடியில் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் தட்டு காணோம். என்றோ ஒரு வேலைக்காகக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவே இல்லை. அதைப் போட்டதும் பிரச்சினை நின்றுபோனது.

அன்றிலிருந்து, எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால், முள் எப்போது ஏறுகிறது என்றுதான் முதலில் கேட்கிறேன். சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேன் பக்கம் பாருங்கள். நிற்கும்போது சரியாக இருந்து, வேகத்தில் ஏறினால் ஃபேனை மாற்றிப் பயனில்லை. 50, 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும், ஃபேனுக்கு அங்கே வேலை கிடையாது. அப்போது சந்தேகம் அடைத்துக்கொண்ட ரேடியேட்டர், தேய்ந்த வாட்டர் பம்ப், உறிஞ்சலில் சப்பிப் போகும் கீழ் ஹோஸ், காற்று வரும் வழி ஆகியவற்றின் மேல்தான். காற்று எப்போதும் சுலபமான வழியில் போகும். ரேடியேட்டரைச் சுற்றி இடைவெளி இருந்தால் அதன் வழியே நழுவிவிடும். ஓரங்களை ஃபோம் பட்டையால் அடைப்பது அரை நாள் வேலை. புது ரேடியேட்டருக்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள்.

சரி, ரேடியேட்டரையே மாற்றியாக வேண்டும் என்றால் அலுமினியமா, பழைய செம்பு-பித்தளையா? வெப்பத்தைக் கடத்துவதில் செம்பு அலுமினியத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கும் மேல் சிறந்தது. இதை வைத்துச் செம்புதான் நல்லது என்று வாதிடுபவர்கள் உண்டு. ஆனால் பழைய ரேடியேட்டரில் துடுப்புகள், அதாவது காற்றுக்கு வெப்பத்தை விடும் மெல்லிய தகடுகள்தான் செம்பு. தண்ணீர் ஓடும் குழாய்கள் பித்தளை, இரண்டையும் இணைப்பது ஈயம் கலந்த பற்றவைப்பு. பித்தளையும் சரி, பற்றவைப்பும் சரி, செம்பளவுக்கு வெப்பம் கடத்தாது. அலுமினியத்தில் குழாயை இன்னும் அகலமாகச் செய்யலாம், துடுப்போடு சேர்த்து ஒரே உடலாக உருக்கி இணைக்கலாம். அதனால் உலோக அளவில் தோற்றாலும் ரேடியேட்டராக அது ஜெயிக்கிறது. எடையும் குறைவு.

செம்பு-பித்தளையின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. ஓட்டை விழுந்தால் பற்றவைத்துவிடலாம். உள்ளே அடைத்துக்கொண்டால் மேல், கீழ் தொட்டிகளை வைத்துக்கொண்டு நடுப்பகுதியை மட்டும் புதிதாகப் போடலாம். 1962-இல் வந்த எம்ஜிபி போன்ற காரை அதன் அசல் தோற்றத்தில் வைத்திருப்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். அலுமினியம் பழைய, மாற்றப்படாத கூலன்டையும் (இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றும் திரவம்) சரியில்லாத எர்த் இணைப்பையும் பொறுக்காது, அரித்துப்போகும். ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர் அலுமினியத்துக்குப் போகலாம், ஆனால் தடிமனை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். தடித்த ரேடியேட்டர் வழியே காற்றை இழுக்க ஃபேன் திணறும், வேகத்தில் சரியானது சிக்னலில் கெட்டுவிடும். ஓரத்தொட்டிகள் பிளாஸ்டிக்காக உள்ள ரேடியேட்டர்களில் அதன் நிறத்தைக் கவனியுங்கள். கறுப்பு மங்கிப் பழுப்பாகிவிட்டால் அது விரிசல் விடக் காத்திருக்கிறது என்று பொருள். அதை நம்பி நெடுந்தூரம் போகாதீர்கள்.

ஃபேனில் போட்டி இன்ஜினோடு சுற்றும் ஃபேனுக்கும் எலக்ட்ரிக் ஃபேனுக்கும். இன்ஜினோடு சுற்றுவது எளிமையானது, ஆனால் வண்டி நின்றிருக்கும்போது, அதாவது காற்று மிகவும் தேவைப்படும் நேரத்தில், இன்ஜின் வேகம் குறைவதால் அதுவும் மெதுவாகிவிடும். எலக்ட்ரிக் ஃபேன் அப்போதும் முழு வேகத்தில் சுற்றும். என் ஓட்டு எலக்ட்ரிக்குக்கு, மூன்று நிபந்தனைகளோடு. ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று இழுக்கும் வகையாக இருக்க வேண்டும், முன்னால் வைத்துத் தள்ளும் வகை வேகத்தில் காற்றை மறைக்கும். ரேடியேட்டர் முழுவதையும் மூடும் கூண்டு வேண்டும், இல்லையென்றால் இறக்கைக்கு நேராக உள்ள வட்டம் மட்டும் குளிரும். தனி ரிலே, தனி ஃபியூஸ், அந்தச் சுமையைத் தாங்கும் ஆல்டர்னேட்டர் வேண்டும். மாட்டி முடித்ததும் ஒரு தாளை ரேடியேட்டரின் முன்பக்கம் காட்டுங்கள். ஒட்டிக்கொண்டால் திசை சரி, பறந்தால் ஒயர் மாறியிருக்கிறது.

தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு, அதைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. 88 டிகிரியில் திறப்பதை எடுத்துவிட்டு 82 டிகிரி போட்டால் வண்டி குளிர்ந்துவிடும் என்பது தவறு. தெர்மோஸ்டாட் வெப்பத்தின் கீழ் எல்லையைத்தான் தீர்மானிக்கிறது. ரேடியேட்டருக்குத் தெம்பில்லை என்றால் முள் கொஞ்சம் தாமதமாக அதே இடத்துக்குப் போகும். அதைக் கழற்றி வீசுவது இன்னும் மோசம். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது, ரேடியேட்டரைத் தவிர்த்துச் செல்லும் பைபாஸ் வழியை மூடும். அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றிக்கொண்டிருக்கும். திறக்காமல் சிக்கிக்கொண்டதா என்று கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், அவ்வளவுதான்.

எம்எக்ஸ்-5 காரர்களுக்கு இன்னொரு தேர்வு உண்டு, தண்ணீர்ப் பாதையை மாற்றுவது. இதன் இன்ஜின் முன்சக்கர இயக்கக் காரான 323 குடும்பத்திலிருந்து வந்தது. இங்கே நீளவாக்கில் வைத்தபோது தண்ணீர் வெளியேறும் வாயையும் முன்பக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். பம்பும் முன்னால், வெளியேறும் வழியும் முன்னால். பின்னால் உள்ள நான்காவது சிலிண்டருக்கு ஓட்டம் குறைவு. வெளியேறும் வழியைப் பின்னுக்குத் திருப்பினால் நான்கும் சீராகக் குளிரும். டர்போ போட்டவர்களுக்கும் டிராக்கில் ஓட்டுபவர்களுக்கும் இது செலவுக்குத் தகுந்த வேலை. சும்மா ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்குத் தேவையில்லை.

கூலன்டில் பலர் நம்புவதற்கு நேர்மாறு உண்மை. வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் தண்ணீர்தான் முதலிடம். எத்திலின் கிளைகால் பாதிக்குப் பாதி கலந்தால் அந்தத் திறன் குறையும், ஆனால் கொதிநிலை ஏறும், மைனஸ் 37 டிகிரி வரை உறையாது, அதிலுள்ள சேர்மானங்கள் துருவைத் தடுக்கும். உறையாத இடத்தில் ஓட்டுபவர் கிளைகாலைக் குறைத்து, துருத்தடுப்பு சேர்த்த சுத்தத் தண்ணீரை அதிகமாக்கலாம். தண்ணீரே இல்லாத கூலன்ட் 180 டிகிரியைத் தாண்டினாலும் கொதிக்காது, உண்மைதான். ஆனால் வெப்பத்தைக் குறைவாகத்தான் சுமக்கும், இன்ஜின் முன்பைவிடச் சூடாகவே ஓடும். சூட்டைக் குறைக்க வந்தவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். எதை ஊற்றினாலும் சிந்தியதை உடனே துடைத்துவிடுங்கள். எத்திலின் கிளைகால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கினால் செத்துப்போகும்.

மலிவான ஒன்று விட்டுப்போனது: ரேடியேட்டர் மூடி. 0.9 பார் அழுத்தம் தாங்கும் நல்ல மூடி இருந்தால் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் ஏறக்குறைய 118 வரை கொதிக்காமல் இருக்கும். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். சூடாக இருக்கும்போது மட்டும் அதைத் திறக்காதீர்கள். ஃபியட் எக்ஸ்1/9, டொயோட்டா எம்ஆர்2 போல இன்ஜின் பின்னாலும் ரேடியேட்டர் முன்னாலும் உள்ள கார்களில், நீளக் குழாய்களில் காற்றுக் குமிழ் தங்கியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் எல்லாவற்றுக்கும் முதல் வேலை.

காற்றை எடுத்த பிறகும் குமிழ் வந்துகொண்டே இருக்கிறதா? கூலன்ட் கசிவே இல்லாமல் குறைகிறதா? அப்படியென்றால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) சோதனை திரவம் வாங்கி, ரேடியேட்டர் வாயில் வரும் ஆவியை அதன் வழியே இழுத்துப் பாருங்கள். நீலம் மஞ்சளாக மாறினால் எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது. அப்போது மேலே சொன்ன எதையும் வாங்க வேண்டாம். ஹெட்டைக் கழற்றி, அதன் அடிப்பரப்பு வளைந்திருக்கிறதா என்று அளக்கக் கொடுங்கள்.