அப்டேட்டுக்குப் பிறகு லினக்ஸ் ஏறவில்லையா? கடைக்காரர் "டிஸ்க் போச்சு" என்றால் நம்பாதீர்கள்

கோவை காந்திபுரம் பக்கம் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடை. என் தங்கச்சியின் உபுண்டு (லினக்ஸில் ஒரு வகை) லேப்டாப் அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளோடு அப்படியே நின்றுவிட்டது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் உள்ளே இருக்கிறதே என்று பதறிப்போய் அந்தக் கடையில் கொடுத்திருக்கிறாள்.

சாயங்காலம் ஃபோன். "ஹார்ட் டிஸ்க் போயிருச்சுங்க, புதுசு போடணும். உள்ள டேட்டா எல்லாம் இருக்குது, பாத்துட்டோம், எடுத்துக் குடுத்தர்றோம்." டிஸ்க்குக்கு 4,500, டேட்டா எடுக்க 6,000, விண்டோஸ் மட்டும் இலவசமாம் (எந்த மாதிரி விண்டோஸ் என்று உங்களுக்கே தெரியும்).

அந்த லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்கே கிடையாது, இருப்பது என்விஎம்இ எஸ்எஸ்டி, அதாவது சிப்பில் சேமிக்கும் வகை. அதுகூடப் பரவாயில்லை, பேச்சுவாக்கில் சொல்லியிருப்பார் என்று விடலாம். ஆனால் டிஸ்க் முழுவதும் என்கிரிப்ட் செய்தது, அதாவது பாஸ்வேர்டால் பூட்டியது, பாஸ்வேர்டு போடாமல் ஒரு ஃபைல் பெயரைக்கூடப் பார்க்க முடியாது, அவர்கள் பாஸ்வேர்டு கேட்கவே இல்லை. பிறகு எந்த டேட்டாவைப் பார்த்தார்களாம்? நான் கேட்டதும், "நாங்க பதினஞ்சு வருசமா இதே தொழில்ல இருக்கறோம் தம்பி" என்றுதான் பதில் வந்தது. செக்கிங் சார்ஜ் 500 வாங்கிக்கொண்டுதான் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

வீட்டில் ஆன் செய்து அந்த எழுத்துகளைப் படித்தேன். கர்னல் பேனிக் (லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் மேலே போக முடியாமல் நின்றுவிட்டது), ரூட் ஃபைல் சிஸ்டத்தை (சிஸ்டம் இருக்கும் பகுதியை) மவுண்ட் செய்ய முடியவில்லை, அன்னோன் பிளாக் 0,0. இப்படி வந்தால் பெரும்பாலும் புதுக் கர்னலுக்கு உண்டான இனிட்ராம்எஃப்எஸ் (ஆரம்பத்தில் டிஸ்க்கைத் திறக்க உதவும் ஃபைல்) இல்லை என்று அர்த்தம். என்கிரிப்ட் செய்து நிறுவினால் கர்னல்கள் இருக்கும் பூட் பகுதி தனியாக, சின்னதாக இருக்கும். பழைய கர்னல்கள் சேர்ந்து அது நிரம்பிவிட்டால், அப்டேட்டின்போது இந்த ஃபைலை எழுத இடம் இருக்காது. கர்னல் ஏறிவிடும், டிஸ்க்கைத் திறக்கத் தெரியாமல் நின்றுவிடும்.

ஆன் ஆகும்போது எஸ்கேப் கீயைத் தட்டினால் (பழைய பயாஸ் மெஷினில் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடிக்க வேண்டும்) எந்தக் கர்னலை ஏற்றுவது என்று தேர்ந்தெடுக்கும் கிரப் மெனு வரும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுத்தேன், பாஸ்வேர்டு கேட்டது, டெஸ்க்டாப் வந்துவிட்டது. ப்ராஜெக்ட் பத்திரம். டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவு செய்யும் ஸ்மார்ட் ரிப்போர்ட்டில் மீடியா எரர் பூஜ்யம். அப்புறம் ஓடிக்கொண்டிருக்கும் கர்னலைத் தொடாமல் அதற்கும் பழையவற்றை நீக்கி, பாதியில் நின்ற அப்டேட்டை முடித்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் கிரப்பையும் புதுப்பித்ததும் புதுக் கர்னலும் ஏறிவிட்டது. செலவு ஒன்றுமில்லை.

பழைய கர்னலும் ஏறாமல் கடைக்குப் போகத்தான் வேண்டும் என்றால், முதலில் திரையைத் தெளிவாக ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஜாப் கார்டில் டிஸ்க்கின் சீரியல் நம்பரையும் ரேம் எத்தனை ஜிபி என்பதையும் எழுதச் சொல்லுங்கள், கேட்காமல் ஃபார்மேட் செய்யக் கூடாது என்றும் எழுதி வாங்குங்கள். டிஸ்க்கை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பழையது உங்கள் கைக்கு வரவேண்டும். 500 ரூபாயைத் திருப்பிக் கேட்டேன், ஓனர் வந்ததும் பேசலாம் என்றார்கள். ஓனர் இன்னும் வந்துகொண்டே இருக்கிறார்.