எங்கள் சங்கத்தின் இணையத்தளம் எங்கள் பெயரில் இல்லை

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தில் சங்கம், சிறு கடை, பண்ணை என்று ஏதாவது நடத்துபவர்கள் இதை வாசியுங்கள். "வெப்சைற் செய்து தாறம்" என்று லப்டொப்போடு வந்த ஒருவரிடம் எங்கள் மாதர் சங்கம் முதலில் 60,000 ரூபாவும் பிறகு 12,000 ரூபாவும் கொடுத்து ஏமாந்திருக்கிறது. பனையோலைப் பெட்டியும் கடகமும் பின்னிச் சேர்த்த காசு. செயலாளர் நான். காசோலையில் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

முதல் நாள் சங்கக் கட்டடத்துக்கு வந்து லப்டொப்பைத் திறந்தார். "அக்கா, இதுதான் உங்கட வெப்சைற். இப்ப எந்த நாட்டில இருந்தும் பாக்கலாம்" என்றார். சங்கத்தின் பெயர், பெட்டிகளின் படங்கள், எல்லாமே அழகாக இருந்தன. தலைவி அம்மா கண்கலங்கிவிட்டார். எங்கள் கட்டடத்தில் சிக்னல் கிடையாது, ஒரு கோல் எடுப்பதற்கும் குளக்கட்டுக்குப் போக வேண்டும். அப்படியிருக்க அவருடைய லப்டொப்புக்கு மட்டும் இன்ரநெற் எங்கிருந்து வந்தது என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அன்று லப்டொப்பைச் சுற்றி நின்று ஒரு படம் எடுத்திருந்தோம். பல மாதம் கழித்து, கம்பஸில் படிக்கும் என் மகன் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது இன்ரநெற்றிலயே இல்லை" என்றான். குரோம், ஃபயர்ஃபொக்ஸ் போன்றவற்றுக்குப் பெயர் பிரவுசர், அதாவது உலாவி. இணையத்தளங்களைத் திறந்து காட்டும் செயலி அது. அதன் மேல்பக்கத்தில் நீளமாக ஒரு பட்டை இருக்கும். திறந்திருக்கும் பக்கத்தின் முகவரி அதில்தான் தெரியும். இணையத்தில் உள்ள தளம் என்றால் அங்கே "டொட் கொம்", "டொட் எல்கே" போல முடியும் ஒரு பெயர் இருக்க வேண்டும். எங்கள் படத்தில் அந்த இடத்தில் "ஃபைல்" என்று தொடங்கி, சி டிரைவ், டெஸ்க்டொப் என்று போயிருந்தது. தன் கணினிக்குள் சேமித்து வைத்த ஒரு கோப்பைத் திறந்து காட்டிவிட்டுத்தான் அந்த 60,000 இல் முதல் 30,000 ரூபாவை வாங்கிப் போயிருக்கிறார்.

இதெல்லாம் தெரியாமல் அவர் சொன்ன முகவரியைப் போட்டு 500 லேபல் அடித்துவிட்டோம். கனடாவில் இருக்கும் தங்கை "அக்கா, ஒண்டும் வருதில்லையே" என்று கோல் எடுத்துச் சொன்னாள். அவரிடம் கேட்டால், "கூகுளில ஏற ரெண்டு மாசம் எடுக்கும்" என்றார். நம்பினோம். எங்களில் பலருக்குக் கூகுள்தான் இன்ரநெற். உண்மையில் கூகுள் ஒரு தேடுபொறி, தளம் எங்கே இருக்கிறது என்று தேடிக் கொடுப்பது அதன் வேலை. முகவரியை அந்தப் பட்டையில் எழுத்துப் பிசகாமல் அடித்தால், கூகுளில் ஏறியிருந்தாலும் ஏறாவிட்டாலும் தளம் திறக்கும். திறக்காவிட்டால் கூகுளைக் குற்றம் சொல்ல முடியாது.

சரி, சண்டை பிடித்துப் பிடித்து ஒருவழியாகத் தளம் வந்தது. அப்புறம் "பூட்டு" போட 12,000 கேட்டார். முகவரி "எச்டிடிபிஎஸ்" என்று தொடங்குவதற்கான சான்றிதழைத்தான் அப்படிச் சொன்னார். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு அதை இலவசமாகவே கொடுக்கிறது. இன்னொன்று, பூட்டு இருந்தால் தளமும் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். போகிற வழியில் தகவலை வேறு ஆட்கள் படிக்க முடியாது என்பதுதான் அதன் பொருள். மறுமுனையில் இருப்பவர் கள்ளனாக இருந்தாலும் பூட்டு இருக்கும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய அடி ஒரு வருடம் கழித்து விழுந்தது. புதுப்பிக்க 40,000 வேண்டுமாம். மறுத்தோம். ஒரு கிழமையில் தளம் காணாமல் போனது. வேறு ஆளைக் கொண்டு திருப்பி எடுப்போம் என்று போனபோதுதான் டொமெய்ன் என்ற சொல்லின் பொருள் விளங்கியது. டொமெய்ன் என்பது தளத்தின் பெயர். அதைப் பதிவு நிறுவனத்திடம் வருடக் கணக்கில் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும், காணியைக் குத்தகைக்கு எடுப்பது போல. ஹோஸ்டிங் என்பது வேறு: படங்களும் பக்கங்களும் எந்நேரமும் இயங்கும் ஒரு கணினியில் கிடப்பதற்கான இடம். டொட் கொம் பெயர் ஒன்றுக்கு வருடத்துக்குப் பொதுவாகப் பத்து, இருபது டொலர்தான் போகும். ஹோஸ்டிங்கை எப்போதும் மாற்றிக்கொள்ளலாம். பெயர் யாருடைய கணக்கில் பதிவாகியிருக்கிறதோ அவருடைய கையில்தான் பிடி இருக்கிறது. எங்கள் சங்கத்தின் பெயர் அவருடைய கணக்கில், அவருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றத் தேவையான குறியீடும் அந்தக் கணக்குக்குள்தான். அவர் கொடுக்க மறுக்கிறார். எங்களிடம் உள்ள பற்றுச்சீட்டில் "வெப் வேலை" என்பதைத் தவிர ஒன்றும் இல்லை.

ஆகவே காசு கொடுக்க முதல், டொமெய்னை உங்கள் சங்கத்தின் மின்னஞ்சலில் உங்கள் கண்முன்னே பதியச் சொல்லுங்கள். கடவுச்சொல்லை நீங்களே அடியுங்கள். பற்றுச்சீட்டில் டொமெய்னின் பெயரையும் அது யாருக்குச் சொந்தம் என்பதையும் எழுதி வாங்குங்கள். தளத்தை அவருடைய லப்டொப்பில் பார்க்காமல் உங்கள் ஃபோனில், உங்கள் டேட்டாவில் திறந்து பாருங்கள். தமிழில் "டொட் இலங்கை" என்று முடியும் பெயருக்கு 2010 இலேயே அனுமதி கிடைத்துவிட்டது என்பதைக்கூட அவர் எங்களுக்குச் சொல்லவில்லை.

அந்த ஆள் இப்போது மாங்குளம் பக்கத்துச் சங்கங்களைச் சந்திப்பதாகக் கேள்விப்பட்டேன். எங்கள் கட்டடத்தில் மிச்சம் இருக்கும் லேபல்களில் பழைய முகவரியைப் பிள்ளைகள் மார்க்கர் பேனையால் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்கிறார்கள்.