மாடி வீட்டுக்கு மெஷ் வைஃபை: டெகோ எக்ஸ்50, இரண்டு பெட்டி, ஒரு லேன் கேபிள்

ஃபைபர் மோடம் பெரும்பாலும் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கும். அங்கே நின்றால் 100 எம்பிபிஎஸ் முழுசாக வரும். மாடியில் பின்பக்க ரூமுக்குப் போனால் வீடியோ கால் அப்படியே உறைந்து நிற்கும். உடனே கம்பெனிக்கு போன் போட்டு, பிளானை 300-க்கு ஏற்றிவிடுகிறார்கள். ஹாலில் 300 வரும், மாடியில் பழையபடி அதே நிலைதான். தடுப்பது ஒன்பது இஞ்ச் செங்கல் சுவரும், கம்பி கட்டி ஊற்றிய ஐந்து இஞ்ச் தளமும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தட்டுத்தடுமாறியாவது அவற்றைத் தாண்டும். வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் ஒரு தளத்தைத் தாண்டும்போதே பெரும்பகுதியை இழந்துவிடும். இந்தக் குறைக்குத்தான் மெஷ்: வீட்டில் பல இடங்களில் வைத்த பெட்டிகள் சேர்ந்து ஒரே பெயரில் ஒரே வைஃபையாக ஓடுவது. டிபி-லிங்கின் டெகோ எக்ஸ்50-ஐ நம்மூர் மாடி வீட்டுக்கு எப்படிப் பொருத்துவது, எங்கே சறுக்கும் என்பதைப் பார்ப்போம்.

எக்ஸ்50 வைஃபை 6 வகை. அட்டைப்பெட்டியின் மேல் ஏஎக்ஸ்3000 என்று போட்டிருக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் 2402 எம்பிபிஎஸ், 2.4-இல் 574, இரண்டையும் கூட்டி வரும் 2976-ஐ 3000 என்று எழுதுகிறார்கள். அந்த 2402 கிடைக்க 160 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலம் வேண்டும். பல போன்கள் 80 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும், அவற்றுக்கு உச்சம் 1201. அதுவும் இணைப்பு வேகம்தான், கைக்கு வருவது அதில் பாதியிலிருந்து முக்கால்வாசி. இரண்டு பெட்டி 4500 சதுர அடிக்கும், மூன்று பெட்டி 6500 சதுர அடிக்கும் போதும் என்பது கம்பெனிக் கணக்கு. காங்கிரீட் வீட்டில் அந்தக் கணக்கை அப்படியே நம்பக் கூடாது. சதுர அடியை விட்டுவிட்டு, நடுவில் எத்தனை சுவர், எத்தனை தளம் என்று எண்ணுங்கள்.

இதில் உண்மையிலேயே பாராட்ட வேண்டியது ஒவ்வொரு பெட்டியிலும் இருக்கும் மூன்று கிகாபிட் லேன் போர்ட். எது உள்ளே வருவது, எது வெளியே போவது என்று பிரிக்க வேண்டியதில்லை, எதில் செருகினாலும் அதுவே கண்டுகொள்ளும். மாடிப் பெட்டிக்கு ஒன்றில் கேபிள் வந்தாலும் டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் இரண்டு மிச்சம். பழைய டெகோ இ4 வாங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். அதிலும் டெகோ எம்4 மாடலிலும் வைஃபை பார்க்க ஒன்றுதான், இரண்டுமே ஏசி1200 (வைஃபை 5 வகை). ஆனால் இ4-இன் போர்ட்கள் 100 எம்பிபிஎஸ். 200, 300 பிளான் போட்டிருந்தாலும் அந்தத் துளை வழியாக 95-க்கு மேல் வராது. எம்4-இல் கிகாபிட் போர்ட். 40, 100 எம்பிபிஎஸ் பிளான்தான், வீட்டில் பத்துப் பதினைந்து சாதனம்தான் என்றால் எம்4 தாராளமாகப் போதும். எக்ஸ்50-க்குக் கூடுதல் காசு கொடுப்பது 200-க்கு மேற்பட்ட பிளானுக்கும், ஒரே நேரத்தில் நிறைய சாதனம் ஓடும் வீட்டுக்கும்தான் பொருந்தும்.

இனி முக்கியமான விஷயம். எக்ஸ்50 இரட்டை பேண்ட் மெஷ், அதாவது 2.4, 5 என்று இரண்டு அலைவரிசை மட்டும். பெட்டிகள் தங்களுக்குள் பேசத் தனி ரேடியோ கிடையாது. மாடிப் பெட்டி கீழ்ப்பெட்டியிடம் வாங்குவதும், உங்கள் போனுக்குக் கொடுப்பதும் அதே 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில். ஒரே நேரத்தில் இரண்டும் நடக்காது என்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். மூன்றாவது பெட்டி இரண்டாவதிடமிருந்து வாங்கினால் அந்தப் பாதியிலும் பாதி. நடுவில் ஒரு தளமும் இருந்தால் கேட்கவே வேண்டாம். கேபிளில் இந்த இழப்பே இல்லை. கிகாபிட் கேபிள் 940 வரை அப்படியே மேலே கொண்டுபோகும். அதனால் மூன்று பெட்டி வாங்கி ஒயரில்லாமல் ஓட்டுவதைவிட, இரண்டு பெட்டி வாங்கி மிச்சக் காசில் மாடிக்கு ஒரு கேட்6 கேபிள் இழுப்பது எவ்வளவோ மேல். கேபிளுக்கு வழியே இல்லாத வாடகை வீடு என்றால் மட்டும் ஒயரில்லாத இணைப்பைப் பற்றி யோசியுங்கள்.

கேபிளுக்கு வழி இல்லை என்று சொல்லும் வீடுகளில் பெரும்பாலும் வழி இருக்கும். மொட்டைமாடியிலிருந்து ஹாலுக்கு டிஷ் ஒயர் வருகிற பைப்பைப் பாருங்கள். டிஷ்ஷை விட்டுவிட்ட வீடுகளில் அந்த ஒயர் சும்மா கிடக்கும். அதன் நுனியில் லேன் கேபிளை வைத்து, முடிச்சு போடாமல், ஒன்றரைச் சாண் நீளத்துக்கு இன்சுலேஷன் டேப்பை இறுக்கிச் சுற்றி, மறுமுனையிலிருந்து ஒருவர் இழுக்க இந்தப் பக்கம் ஒருவர் ஊட்டினால் வந்துவிடும். வளைவில் சிக்கினால் வெடுக்கென்று இழுக்காமல், பின்னால் கொஞ்சம் தள்ளி மறுபடி இழுக்க வேண்டும். கேபிளை இழுத்து முடித்த பிறகுதான் பிளக்கைப் போட வேண்டும், பிளக்கோடு பைப்பில் நுழையாது. கரண்ட் ஒயர் போகிற பைப்பில் மட்டும் லேன் கேபிளைச் சேர்த்து இழுக்காதீர்கள். 230 வோல்ட்டும் லேனும் ஒரே பைப்பில் இருப்பது ஆபத்து. வெளிச்சுவரில் போக வேண்டியிருந்தால் கறுப்பு உறை போட்ட வெளிப்புறக் கேபிள் வாங்குங்கள், உள்ளே போடும் சாம்பல் நிறக் கேபிளின் உறை வெயிலில் வெடித்துவிடும்.

கடையில் கேட்கும்போது 'முழு காப்பர்' என்று கேட்டு வாங்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசிய மலிவுக் கேபிளும் பார்க்க அப்படியேதான் இருக்கும். கத்தியால் ஒரு கம்பியின் நுனியைச் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். வளைத்தால் சீக்கிரம் ஒடியும், நீளம் கூடினால் இணைப்பு தடுமாறும்.

பிளக் போடுவதில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். உறையை மூன்று சென்டிமீட்டருக்கு உரித்து, எட்டுக் கம்பியின் முறுக்கையும் பிரித்து நீவிவிட்டு, வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று இடமிருந்து வலமாக, பிளக்கின் கொக்கி கீழே இருக்கும்படி அடுக்க வேண்டும். பிறகு ஒன்றே கால் சென்டிமீட்டர் விட்டு நேராக வெட்டி உள்ளே தள்ளினால், பிளக்கின் முன்முனையில் எட்டுச் செம்புப் புள்ளிகளும் தெரிய வேண்டும். வெளியுறையும் பிளக்குக்குள் வந்திருக்க வேண்டும். அதன் பிறகே கிரிம்பிங் டூலை அழுத்துவது. நீலம், பழுப்பு ஜோடிகளில் ஒரு கம்பி சரியாக உட்காராவிட்டாலும் இணைப்பு வரும், ஆனால் 100 எம்பிபிஎஸில். இன்டர்நெட் ஓடுகிறதே என்று கேபிள் போட்ட ஆளை அனுப்பிவிட்டு, பிறகு டெகோவைக் குறை சொல்வார்கள். ஆள் கிளம்புவதற்கு முன் லேப்டாப்பைச் செருகி, இணைப்பு வேகம் 1 ஜிபிபிஎஸ் என்று காட்டுகிறதா என்று பாருங்கள்.

கேபிள் இல்லாமல் வைக்கிறவர்களுக்கு இடம்தான் எல்லாம். சிக்னல் வராத ரூமிலேயே இரண்டாவது பெட்டியை வைப்பது பலரும் செய்யும் தவறு. சிக்னல் வராத இடத்தில் அந்தப் பெட்டிக்கும் சிக்னல் வராது. பாதி வழியில், இன்னும் நன்றாக வருகிற இடத்தில் வைக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் ஆப் போட்டு 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் அளவைப் பாருங்கள், பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க நல்லது: மைனஸ் 65-க்குள் இருந்தால் வைக்கலாம், மைனஸ் 70-ஐத் தாண்டினால் வேண்டாம். நம் வீடுகளில் இதற்கு நல்ல இடம் மாடிப்படித் திருப்பம். தளத்தில் ஓட்டை இருக்கிற ஒரே இடம் படிக்கட்டுதான், அலையும் அந்த வழியாகத்தான் சுலபமாக ஏறும். பழைய முற்றம் வைத்த வீட்டில், கனத்த சுவர்களுக்கு நடுவே வைப்பதைவிட முற்றத்தைப் பார்த்த மாதிரி வைத்தால் நாலு பக்கமும் போகும். இரும்பு பீரோ மேல், டிவிக்குப் பின்னால், ஃபிரிட்ஜ் பக்கத்தில், மூடிய அலமாரிக்குள் வேண்டாம்.

அமைப்பது கடினமில்லை. இரண்டு பெட்டியையும் முதலில் மோடம் இருக்கும் ரூமிலேயே வைத்து, டெகோ ஆப்பில் சேர்த்து, ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) புதுப்பித்த பிறகே இடம் மாற்றுங்கள். பழைய வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் டெகோவுக்கு அப்படியே கொடுத்துவிட்டு, மோடத்தின் வைஃபையை அணைத்துவிடுங்கள். டிவி, பிரிண்டர், அம்மாவின் போன் எதிலும் மறுபடி பாஸ்வேர்டு போட வேண்டாம். மோடத்தின் வைஃபையை அணைக்க மறந்தால் போன்கள் அதையே பிடித்துத் தொங்கும், மெஷ் வாங்கியதே வீண்.

அடுத்து ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஃபைபர் மோடம் ஏற்கெனவே ரூட்டர் வேலையும் செய்கிறது. டெகோவைப் பிரித்தவுடன் அதுவும் ரூட்டராகவே ஓடும். மோடம் 192.168.1 போன்ற ஒரு முகவரி வரிசையில், டெகோ 192.168.68 வரிசையில், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வலை. யூடியூப் பார்க்க இதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் மோடத்தில் செருகிய சிசிடிவி டிவிஆரை போன் ஆப் தேடிக் கண்டுபிடிக்காது, கேம் கன்சோல் முரண்டு பிடிக்கும், போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வீட்டுச் சாதனத்துக்கு வழி திறப்பது) வேலை செய்யாது. பெரும்பாலான வீடுகளுக்கு ஆப்பில் ஆபரேஷன் மோடுக்குப் போய் ஆக்சஸ் பாயிண்ட் (ரூட்டர் வேலையை மோடத்திடமே விட்டு, வைஃபை மட்டும் கொடுப்பது) என்று மாற்றுவதே போதும், ஜியோ ஃபைபர் வீட்டிலும் இதுதான் எளிய வழி. மாற்றினால் குழந்தைகளுக்கான கட்டுப்பாடும், எந்தச் சாதனத்துக்கு முன்னுரிமை என்ற வசதியும் போய்விடும். அவை கட்டாயம் வேண்டுமென்றால் மோடத்தைப் பிரிட்ஜ் மோடுக்கு, அதாவது ரூட்டர் வேலையை டெகோவிடம் விட்டுவிடும் முறைக்கு, மாற்றச் சொல்லுங்கள். பிஎஸ்என்எல் ஃபைபரில் அப்படி மாற்றினால் பிபிபிஓஇ (இணைப்புக்குள் நுழையும் லாகின் முறை) பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் டெகோவில் போட வேண்டும், முன்கூட்டியே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ரூட்டர் மோடிலேயே விட்டால் ஒன்றைக் கவனியுங்கள்: மாடிக்குப் போகும் கேபிள் கீழே இருக்கும் முதல் டெகோவிலிருந்துதான் கிளம்ப வேண்டும். போர்ட் காலியாக இருக்கிறதே என்று மோடத்திலிருந்து இழுத்தால் மெஷ் ஒழுங்காக ஓடாது. ஆக்சஸ் பாயிண்ட் மோடில் எங்கிருந்து இழுத்தாலும் சரி. கேபிள் செருகிய பிறகு ஆப்பில் மாடிப் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள், இணைப்பு ஈதர்நெட் என்று காட்ட வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் என்றே காட்டிக்கொண்டிருந்தால் கேபிளில்தான் கோளாறு.

ஸ்மார்ட் பிளக், மலிவு கேமரா போன்றவை 2.4 மட்டும் தெரிந்தவை. டெகோ இரண்டு பேண்டையும் ஒரே பெயரில் காட்டுவதால் முதல் இணைப்பில் இவை திணறும். ஆப்பில் ஐஓடி நெட்வொர்க் என்று 2.4-க்கு மட்டும் தனிப் பெயர் உருவாக்கி அதில் இவற்றைச் சேருங்கள், பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2-விலேயே வையுங்கள். பழைய பிரிண்டரின் இணைப்பு அடிக்கடி அறுந்தால், ஆப்பில் அந்தச் சாதனத்துக்கு மட்டும் மெஷ் டெக்னாலஜியை அணைத்துவிடுங்கள்.

குறை என்றால், எல்லாமே ஆப் வழிதான், அதற்கு டிபி-லிங்க் கணக்கும் தொடங்க வேண்டும். கம்ப்யூட்டர் பிரவுசரில் திறக்கும் பக்கத்தில் நிலவரம் பார்க்கலாம், ஃபர்ம்வேர் ஏற்றலாம், அதற்கு மேல் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. நுணுக்கமாக அமைக்க விரும்புகிறவர்களுக்கு இது கை கட்டியது போலத்தான் இருக்கும்.

கரண்ட் போகிற ஊர்களுக்கு ஒரு வார்த்தை. ஹால் பிளக் இன்வெர்ட்டரில் இருக்கும், படிக்கட்டுப் பிளக் பெரும்பாலும் இருக்காது. மோடம், கீழ்ப்பெட்டி, மாடிப்பெட்டி மூன்றும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கின்றனவா என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள். ரூட்டர் யுபிஎஸ் வைப்பதென்றால் டெகோ அடாப்டரின் முதுகில் அச்சிட்ட வோல்ட், ஆம்பியரைப் படித்துவிட்டு, வோல்ட் அதே அளவு, ஆம்பியர் அதற்குக் குறையாதது என்று பார்த்து வாங்குங்கள். பின்னின் தடிமனும் பொருந்த வேண்டும், அடாப்டரைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள்.